மதராஸ் வழக்குகளும் முதல் திருத்தமும்

இந்திய அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் திருத்தத்துக்கு 1951 ஜூன் 18 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இடையே பதினேழு மாதம்கூட நிறையவில்லை. ஏறக்குறைய மூன்றாண்டு உட்கார்ந்து பேசி எழுதிய ஆவணத்தை, எழுதியவர்களே, முதல் பொதுத் தேர்தல் வரைக்கும்கூடப் பொறுக்காமல் திருத்தினார்கள். அவர்களை அந்த அவசரத்துக்குத் தள்ளியவை நீதிமன்றத் தீர்ப்புகள். அந்தத் தீர்ப்புகளில் முக்கியமானவற்றை எடுத்துப் பார்த்தால் எதிர்த்தரப்பில் திரும்பத் திரும்ப நிற்பது ஒரே அரசு: மதராஸ்.

அரசியல் நிர்ணய சபையில் தனிமனித சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் சண்டையிடவில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு வரம்பு உண்டு என்பதிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வரம்பை எங்கே வைப்பது, அதை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் சபை முட்டிக்கொண்டது. உரிமையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் புகார். 1947 ஏப்ரலில், அடிப்படை உரிமைகளின் முதல் வரைவு சபைக்கு வந்தபோது, வங்காளத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் சோம்நாத் லாஹிரி இவற்றில் பல போலீஸ்காரர் ஒருவரின் பார்வையிலிருந்து எழுதப்பட்டவை போலிருக்கின்றன என்று சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அது வெறும் கிண்டல் அல்ல.

சபை இறுதியில் எழுதிய உறுப்பு 19 ஏழு சுதந்திரங்களைப் பட்டியலிட்டது: பேச்சும் கருத்து வெளிப்பாடும், கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல், நாடெங்கும் நடமாடுதல், எங்கும் குடியிருத்தல், சொத்து வைத்திருத்தல், தொழில் செய்தல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்டுப்பாட்டுக் கூறு இருந்தது. பேச்சு தவிர்த்த ஆறு சுதந்திரங்களுக்கும் அரசு ‘நியாயமான கட்டுப்பாடு’ விதிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லி, அதற்கான காரணங்களை விரிவாக விட்டிருந்தார்கள். கூட்டத்துக்கும் சங்கத்துக்கும் பொது ஒழுங்கு ஒரு காரணம், தொழிலுக்குப் பொதுமக்கள் நலன் ஒரு காரணம். பேச்சுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அங்கே ‘நியாயமான’ என்ற சொல் இல்லை. அதற்குப் பதில் மிகக் குறுகிய பட்டியல்: அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக் கேடு, அரசின் பாதுகாப்பைக் குலைப்பது அல்லது அரசைக் கவிழ்க்க முனைவது. பட்டியலுக்குள் அடங்கும் பேச்சை அரசு எவ்வளவு கடுமையாகவும் ஒடுக்கலாம். பட்டியலுக்கு வெளியே தொடவே முடியாது. வரைவில் இருந்த ‘ராஜ துரோகம்’ என்ற சொல்லை 1948 டிசம்பரில் கே.எம். முன்ஷியின் முயற்சியால் சபை நீக்கியிருந்தது. திலகரையும் காந்தியையும் சிறைக்கு அனுப்பிய சொல்லைப் புதிய குடியரசின் அடிப்படைச் சட்டத்தில் வைக்கச் சபைக்கு மனமில்லை. அதே குற்றத்தைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை மட்டும் யாரும் நீக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொரு உறுப்பும் இங்கே முக்கியம். அரசியலமைப்புக்கு முந்தைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு எவ்வளவுக்கு முரண்படுகின்றனவோ அவ்வளவுக்குச் செல்லாது என்றது உறுப்பு 13. பிரிட்டிஷ் ஆட்சியும் அதன் பின்வந்த மாகாண அரசுகளும் இயற்றிய பொதுப் பாதுகாப்புச் சட்டங்கள், பத்திரிகைச் சட்டங்கள் எல்லாம் ஒரே நாளில் சோதனைக்கு உட்பட்டன. இதன் வீச்சை முதலில் உணர்ந்தவர்கள் அமைச்சர்கள் அல்லர். சிறையில் இருந்தவர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும்தான்.

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சுதந்திரத் திருநாளன்றும் சிறையில் இருந்தவர். சில மாதங்கள் வெளியே இருந்துவிட்டு 1947 டிசம்பரில் மறுபடியும் உள்ளே போனார். கம்யூனிஸ்ட் கட்சி தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்த காலம். மதராஸ் அரசு 1949இல் கட்சியைத் தடை செய்திருந்தது. அவர் மீதான குற்ற வழக்குகளின் தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாயின. ஆனாலும் ஒரு காவல் ஆணை முடிவதற்குள் அடுத்தது வந்துகொண்டே இருந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒரு மாதத்தில், 1950 பிப்ரவரி இறுதியில், உள்துறை அமைச்சர் வல்லபபாய் படேல் தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் அதைக் கையோடு நிறைவேற்றியது. ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லிப் பிறந்த அந்தச் சட்டம் நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 1969 கடைசி வரை உயிரோடு இருந்தது. மார்ச் 1ஆம் தேதி, ஏற்கெனவே காவலில் இருந்த கோபாலனிடம் புதிய சட்டத்தின் கீழ் ஓர் ஆணையை நீட்டினார்கள்.

அவர் நேராக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். உச்ச நீதிமன்றமே அப்போது பிறந்து சில மாதங்கள்கூட ஆகாத குழந்தை; நாடாளுமன்றக் கட்டடத்தில், ஒரு காலத்தில் சமஸ்தான மன்னர்களின் அவை கூடிய மண்டபத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். விசாரணையிலேயே ஒரு விசித்திரம் எழுந்தது. தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, கைதிக்குச் சொல்லப்பட்ட காவல் காரணங்களை அவர் நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது, நீதிமன்றமும் கேட்கக் கூடாது. மீறினால் தண்டனை. தன்னை ஏன் அடைத்திருக்கிறார்கள் என்று நீதிபதியிடம் சொல்வதே குற்றமாக இருந்தது. ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக அந்தப் பிரிவைச் செல்லாது என்றார்கள். மற்றபடி, மே 19 அன்று வந்த தீர்ப்பில் நால்வர் சட்டத்தை ஆதரித்தனர். ஃபசல் அலியும் மெஹர்சந்த் மகாஜனும் மாறுபட்டனர். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்க உறுப்பு 21 கேட்பது சட்டம் வகுத்த நடைமுறையை மட்டுமே. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையைச் சட்டமாக எழுதிவிட்டால் அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையின் நிலைப்பாடு. கோபாலன் தோற்றார்.

அரசுக்கு அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது.

ரொமேஷ் தாப்பர் பம்பாயில் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழை நடத்திவந்தார். இடதுசாரி இதழ், நேரு அரசின் கொள்கைகளை, குறிப்பாக வெளியுறவுக் கொள்கையை, கடுமையாக விமர்சித்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் காவலர்களின் தாக்குதலிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மதராஸ் அரசு கொந்தளிப்புக்கு அஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது. கோபாலனிடம் காவல் ஆணையை நீட்டிய அதே மார்ச் 1ஆம் தேதி, மதராஸ் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் 1949இன் கீழ், ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் நுழையவும் விற்கவும் அரசு தடை போட்டது. தாப்பரும் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனார். முதலில் மதராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயர் ஆட்சேபித்தார். அடிப்படை உரிமையைக் காக்கும் பொறுப்பே தன்னிடம் தரப்பட்டிருக்கும்போது, அதைத் தேடி வருபவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்றது நீதிமன்றம்.

மே 26 அன்று வந்த தீர்ப்பைப் பெரும்பான்மைக்காக எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. மதராஸ் சட்டம் ‘பொதுப் பாதுகாப்பு’, ‘பொது ஒழுங்கு’ என்ற காரணங்களுக்காக இதழைத் தடை செய்ய அனுமதித்தது. அரசியலமைப்போ பேச்சு விஷயத்தில் அரசின் பாதுகாப்பையே ஆட்டம்காண வைக்கும் செயலை மட்டும்தான் குறிப்பிட்டிருந்தது. சாலையில் வண்டியை வேகமாக ஓட்டுவதும் பொதுப் பாதுகாப்புப் பிரச்சினைதான், அதனால் அரசு கவிழ்ந்துவிடாது. ராஜ துரோகம் என்ற சொல்லைச் சபை வேண்டுமென்றே நீக்கியதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தடை ரத்தானது. அதே நாளில் இன்னொரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழான ‘ஆர்கனைசர்’, வகுப்பு விவகாரங்களையும் பாகிஸ்தான் பற்றிய செய்திகளையும் படங்களையும் கேலிச்சித்திரங்களையும் அச்சிடுமுன் இரண்டு பிரதிகளில் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று டில்லி தலைமை ஆணையர் உத்தரவிட்டிருந்தார். அந்த முன்தணிக்கையும் செல்லாது என்றாயிற்று. ஒரே நாளில் ஒரு இடதுசாரி இதழும் ஒரு வலதுசாரி இதழும் ஒரே சட்டக் காரணத்தால் தப்பின.

இந்த இரண்டு வாரத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் நீதிபதிகளுக்குச் சுலபமாக முத்திரை குத்த முடியாது. கோபாலன் வழக்கில் கைதியின் பக்கம் நின்ற ஃபசல் அலி, பத்திரிகை வழக்குகளில் தனி ஒருவராக அரசின் பக்கம் நின்றார். பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைப்பது அரசின் பாதுகாப்பையும் குலைக்கும் என்பது அவர் வாதம். கோபாலன் வழக்கில் அரசின் பக்கம் நின்ற பதஞ்சலி சாஸ்திரி, பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் தந்தார். சாஸ்திரி இரண்டு வழக்கிலும் செய்தது ஒன்றுதான்: எழுதப்பட்ட சொல்லுக்கு மேல் போகவில்லை. உறுப்பு 21இன் சொற்கள் அரசுக்குச் சாதகமாக இருந்தன. உறுப்பு 19இன் சொற்கள் பத்திரிகைக்குச் சாதகமாக இருந்தன.

கீழே இருந்த நீதிமன்றங்கள் இந்த வழியில் இன்னும் வேகமாக ஓடின. பஞ்சாப் உயர் நீதிமன்றம் 124ஏ பிரிவே செல்லாது என்றது. பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஒரு துண்டுப் பிரசுர வழக்கு வந்தபோது, உச்ச நீதிமன்றத்தின் தர்க்கத்தை அப்படியே பின்பற்றினால் கொலை செய்யத் தூண்டிப் பேசுபவரைக்கூடத் தடுக்க முடியாது என்று நீதிபதி சர்ஜூ பிரசாத் எழுதினார். அவர் அதை வருத்தத்தோடுதான் எழுதினார். அரசோ அதை ஆயுதமாக எடுத்துக்கொண்டது. பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் தண்டனைச் சட்டங்களின் அடித்தளமே போய்விட்டது என்று படேல் நேருவுக்கு எழுதியிருந்தார். மேற்கு வங்கத்திலும் கிழக்குப் பாகிஸ்தானிலும் கலவரமும் அகதிகளின் பெருக்கும் இருந்த ஆண்டு அது. 1950 ஏப்ரலில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானும் சிறுபான்மையினர் பாதுகாப்பு பற்றி ஒப்பந்தம் செய்தார்கள்; அதை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்த சியாம பிரசாத் முகர்ஜி பாகிஸ்தானுக்கு எதிராகக் கடுமையாகப் பேசிவந்தார். எழுத்தும் பேச்சும் போருக்கு இழுத்துச் சென்றுவிடும் என்ற அச்சம் டில்லியில் உண்மையிலேயே இருந்தது.

பேச்சுரிமை மட்டும் விவகாரமாக இருந்திருந்தால் திருத்தம் எப்படி முடிந்திருக்கும் என்று சொல்வது கடினம். ஆனால் வேறு இரண்டு கோரிக்கைகள் வந்து சேர்ந்தன. இரண்டிலும் சமூகத்தின் பெரும்பகுதி மக்களின் நலன் ஒரு பக்கமும், தனிநபரின் உரிமை மறு பக்கமும் நின்றன.

முதலாவது மதராஸின் கம்யூனல் ஜி.ஓ. நீதிக் கட்சிக் காலத்தில் வேரூன்றி, 1920களின் இறுதியில் அமைச்சர் முத்தையா முதலியார் முயற்சியால் நடைமுறைக்கு வந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாற்றியமைக்கப்பட்ட வகுப்புவாரி ஆணை அது. 1950இல் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் 14, 14ஆகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம் துரைராஜனும், பொறியியலுக்கு விண்ணப்பித்த சி.ஆர். ஸ்ரீனிவாசனும் இந்த ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றனர். ஸ்ரீனிவாசனுக்காக வாதாடியவர், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருந்தார். அந்தக் குறையை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1950 ஜூலை 27 அன்று உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதை உறுதி செய்தனர்.

தீர்ப்பு நின்ற இடம் அரசியலமைப்பில் இருந்த ஓர் ஓட்டை. அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு செய்யலாம் என்று உறுப்பு 16(4) வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய 29(2)இல் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேண வேண்டும் என்ற உறுப்பு 46ஐ மதராஸ் அரசு காட்டியது. அது வழிகாட்டும் நெறி, அடிப்படை உரிமைக்குக் கீழேதான் நிற்க வேண்டும் என்றது நீதிமன்றம். தமிழகத்தில் இதன் எதிரொலி நீதிமன்ற வளாகத்தோடு நிற்கவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த உடனே பெரியார் போராட்டம் அறிவித்தார். ஒரு வருடம்கூட வயதாகாத திமுகவும் களத்தில் இறங்கியது. கூட்டங்கள், ஊர்வலங்கள், மாணவர் வேலைநிறுத்தங்கள் என்று மாநிலம் கொதித்தது. குமாரசாமி ராஜாவின் காங்கிரஸ் அரசு டில்லியை நெருக்கியது. நாடாளுமன்றத்தில் நேரு பேசும்போது, திருத்தத்தின் இந்தப் பகுதி இந்த வடிவத்தில் எழுந்ததற்கு மதராஸில் நடந்ததே காரணம் என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது கோரிக்கை நிலம். ஜமீன் ஒழிப்பு காங்கிரஸ் கட்சியின் நெடுநாள் வாக்குறுதி. பிகார் அரசு இயற்றிய சட்டம் சின்ன ஜமீனுக்கு நிகர வருமானத்தைப் போல் 20 மடங்கு, மிகப் பெரிய ஜமீனுக்கு 3 மடங்கு என்று இழப்பீட்டைப் படிப்படியாகக் குறைத்தது. தர்பங்கா மகாராஜா காமேஸ்வர் சிங் வழக்குப் போட்டார். பெரியவர் என்பதற்காக ஒருவருக்குக் குறைவாகக் கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 1951 மார்ச் 12 அன்று பாட்னா உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. சமத்துவம் என்ற கோட்பாடு இந்தியாவின் மிகப் பெரிய நிலச்சுவான்தார்களில் ஒருவரைக் காப்பாற்ற வந்து நின்ற அந்தத் தீர்ப்புதான் நேருவின் பொறுமையைத் தீர்த்தது எனலாம். உத்தரப் பிரதேசத்தில் அரசு பேருந்து ஓட்டத் தொடங்கியதை எதிர்த்துத் தனியார் உரிமையாளர்கள் போட்ட வழக்கும் இதே மூட்டையில் சேர்ந்தது.

1951 மே 12 அன்று திருத்த மசோதா தற்காலிக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த நாடாளுமன்றம் பழைய அரசியல் நிர்ணய சபையேதான்; மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். தேர்தல் சில மாதத் தொலைவில் இருந்தது. பொறுத்திருக்கலாமே என்ற கேள்வியைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே எழுப்பினார். மசோதா நான்கு வேலைகளைச் செய்தது. பேச்சைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றைச் சேர்த்தது, அதுவும் அரசியலமைப்பு தொடங்கிய நாளிலிருந்தே அப்படி இருந்ததாகக் கருதும்படி. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(4)ஐக் கொண்டுவந்தது. தனியாரை விலக்கி அரசே தொழில் நடத்த வழிவிட்டது. 31ஏ, 31பி உறுப்புகளையும் ஒன்பதாவது அட்டவணையையும் சேர்த்து, நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதபடி வைத்தது. அட்டவணையில் முதலில் இடம்பெற்ற 13 சட்டங்களில் இரண்டு மதராஸுடையவை: 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அதன் 1950 திருத்தமும்.

இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டியதுதான் மசோதாவின் சாமர்த்தியம், குறையும் அதுவே. ஜமீன்தாரை ஒழிக்க வேண்டும், ஏழை மாணவனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்பவர், பத்திரிகையின் வாயைக் கட்டும் பகுதிக்கும் சேர்த்தே கை தூக்க வேண்டியிருந்தது. நிலம், கல்வி ஆகிய பகுதிகளுக்கு அரசு காட்டிய காரணங்கள் வலுவானவை. பேச்சுரிமைப் பகுதிக்குக் காட்டிய காரணம் பெரும்பாலும் அச்சம்தான்.

விவாதம் அனல் பறந்தது. தாங்கள் படைத்த அருமையான அரசியலமைப்பை வழக்கறிஞர்கள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பொருளில் நேரு பேசினார். அரசியலமைப்பைக் காகிதத் துண்டாக நடத்துகிறீர்கள் என்று முகர்ஜி திருப்பிக் கொடுத்தார். ஹிருதயநாத் குன்ஸ்ருவும் கே.டி. ஷாவும் ஆச்சார்ய கிருபளானியும் எதிர்த்தார்கள். பத்திரிகை ஆசிரியர்களின் மாநாடு கண்டனம் தெரிவித்தது. சட்ட அமைச்சர் அம்பேத்கர் ஒவ்வொரு வழக்காக எடுத்து, நீதிபதிகள் அரசியலமைப்பைப் படித்த விதத்தோடு தமக்கு உடன்பாடில்லை என்பதை விளக்கினார். படேல் 1950 டிசம்பரில் இறந்த பின் உள்துறையைக் கையில் வைத்திருந்தவர் ராஜாஜி. அவரும் மசோதாவுக்கு ஆதரவாகவே நின்றார். அதே ஆண்டில் ஆட்சேபகரமான எழுத்துகளுக்கு எதிரான பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. எட்டாண்டு கழித்து, அரசின் தலையீட்டிலிருந்து தனிமனிதரைக் காப்பதற்கென்றே அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கப் போகிறார் என்று அன்று சொல்லியிருந்தால் அவையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எதிர்ப்பு முற்றிலும் வீணாகவில்லை. மசோதா தெரிவுக் குழுவுக்குப் போய்த் திரும்பியபோது, பேச்சுக்கான கட்டுப்பாடும் ‘நியாயமான’ கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று திருத்தப்பட்டிருந்தது. அரசு முதலில் தாக்கல் செய்த வடிவத்தில் அது இல்லை. பட்டியல் விரிந்தது, ஆனால் பட்டியலுக்குள் அரசு செய்வது நியாயமா என்று கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. பொதுநலன் எது என்று அறிவிக்கும் உரிமை அரசிடம் இருந்தாலும், அந்த அறிவிப்பைச் சோதிக்க ஆள் வந்தாயிற்று. ஜூன் 2 அன்று 228 பேர் ஆதரவோடு, 20 பேர் எதிர்ப்போடு மசோதா நிறைவேறியது.

ஜமீன்தார்கள் விடவில்லை. அடிப்படை உரிமையைத் திருத்தவே நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, திருத்தத்துக்கு இரண்டு அவைகள் வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லும்போது ஒரே அவை எப்படித் திருத்தலாம் என்றெல்லாம் சங்கரி பிரசாத் வழக்கில் வாதாடினார்கள். 1951 அக்டோபர் 5 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா வாதங்களையும் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் மறுபடியும் பதஞ்சலி சாஸ்திரி.

நியாயம் என்றால் என்ன என்பதற்கு விடையும் ஒரு மதராஸ் வழக்கிலிருந்தே வந்தது. வழக்கறிஞர் வி.ஜி. ராவ் மக்கள் கல்விச் சங்கம் என்ற பதிவு பெற்ற அமைப்பின் பொதுச் செயலாளர். 1950 மார்ச்சில் மதராஸ் அரசு அதைச் சட்டவிரோதச் சங்கம் என்று அறிவித்தது. சங்கத்தின் தரப்பைக் கேட்டு முடிவு செய்ய நீதிமன்றம் எதுவும் இல்லை. அரசே அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று கோப்பைப் பார்க்கும், அவ்வளவுதான். 1952 மார்ச் 31 அன்று, இப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி, அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றார். நியாயத்துக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் கிடையாது. பறிக்கப்படும் உரிமையின் தன்மை, கட்டுப்பாட்டின் நோக்கம், தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, போட்ட தடை அதற்குப் பொருந்துகிறதா மிகையா, அன்றைய சூழல் என்ன என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும். சட்டம் சொல்வதை மட்டுமன்றி, அதைச் செயல்படுத்தும் முறையையும் பார்க்க வேண்டும். இன்றுவரை இந்திய நீதிமன்றங்கள் எடுத்தாளும் சோதனை இது.

பின்வந்த வழக்குகள் பெரும்பாலும் இந்தச் சோதனையை நீட்டியவையே. உயர்த்தப்பட்ட பாசன வரியைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காகக் கைதான ராம் மனோகர் லோகியாவின் வழக்கில், 1960இல், பேச்சுக்கும் ஒழுங்கு குலைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும், எங்கோ எப்போதோ கலவரம் வரலாம் என்பது போதாது என்று தீர்ப்பாயிற்று. 124ஏ பிரிவை 1962இல் கேதார்நாத் வழக்கு உயிர்ப்பித்தது, ஆனால் வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு மட்டும் என்று சுருக்கியது. கோபாலன் தோற்ற வாதம் 1978இல் மேனகா காந்தி வழக்கில் வென்றது. உயிரையும் உரிமையையும் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று ஆனது.

1989இல் பேச்சுரிமையும் இட ஒதுக்கீடும் ஒரே வழக்கில் மோதின. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தில் ஒரு பிராமணப் பெண் இட ஒதுக்கீட்டுக்கு உரிய சாதியினராகக் காட்டிக்கொண்டு அரசு வேலை பெறுகிறார். சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டைப் படம் குறை சொல்கிறது. தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் வந்தால் கலவரம் வரும் என்றது மாநில அரசு. உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பித் தந்தது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை நசுக்க முடியாது. ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை, முடியவில்லை என்று கையை விரிக்கக் கூடாது என்றது. 15(4) என்ற பாதுகாப்பு எந்த ஊர்க் கொதிப்பிலிருந்து பிறந்ததோ, அந்தக் கொள்கையை விமர்சிக்கும் உரிமையும் அதே ஊர் வழக்கில் உறுதியாயிற்று.

ஒன்பதாவது அட்டவணை மட்டும் வேறு பாதையில் போனது. 13 சட்டங்களோடு தொடங்கிய பட்டியல் 284 ஆக வளர்ந்தது. நிலத்தோடு சம்பந்தமில்லாத சட்டங்களும் நீதிமன்றத்திடமிருந்து தப்ப அங்கே போய் ஒதுங்கின. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம் அதில் சேர்ந்தது. நீலகிரியின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் காடுகள் பற்றிய பகுதி 1972இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டபோது, இரண்டே ஆண்டில் அதை அட்டவணையில் வைத்துப் பாதுகாத்தார்கள். அதை எதிர்த்து வந்த ஐ.ஆர். கோயலோ வழக்கில், 2007 ஜனவரி 11 அன்று, ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும், அது அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். 1951இல் நுழைந்த மதராஸ் எஸ்டேட் சட்டங்கள் இரண்டும் அந்தத் தேதிக்கு முந்தியவை. கூடலூர்ச் சட்டமும் 69 விழுக்காட்டுச் சட்டமும் பிந்தியவை.